யாழ்ப்பாணத்துத் தோட்டத்திலிருந்து மருந்தடிக்கும் ஹெலி வரை: ஒரு முழுமையான வழிகாட்டி

ஹெலி (ஹெலிகொப்டர்) என்றால் என் அம்மம்மாவுக்கு யுத்தகால நினைவு ஒன்றுதான். சத்தம் கேட்டதும் கை தானாகப் பிள்ளைகளைத் தேடும். அதே சத்தம் பயிருக்கு மருந்தடிக்கிற சத்தமாகவும் இருக்கலாம் என்று அவருக்கு விளங்க வைக்கக் கனகாலம் சென்றது. இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கிறார்கள்: இந்த வேலைக்கு எங்கே படிப்பது, எவ்வளவு காசு போகும், எத்தனை வருடம்?

காசையும் வருடத்தையும் துல்லியமாகச் சொல்ல முடியாது; வழியைப் படிப்படியாக இங்கே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் ஹெலியை ஓட்டுவது பாதி வேலைகூட இல்லை. காற்று, மருந்து, பயிர், கம்பி, இந்த நான்கையும் படிப்பதுதான் பெரிய பாதி. அந்தப் பாதியை நீங்கள் யாழ்ப்பாணத்திலேயே, ஒரு சதமும் செலவழிக்காமல், நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

வேலை எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கு மேலே, ஆள் ஏறிய ஹெலி மருந்தடிக்கப் பொருந்தாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். பத்துப் பரப்பு வெங்காயத் தோட்டம் என்பது ஏறத்தாழ 50 மீற்றருக்கு 50 மீற்றர். மருந்தடிக்கும் ஹெலி மணிக்கு 80 கிலோமீற்றரில் போனால் அந்தத் தோட்டம் இரண்டேகால் வினாடியில் முடிந்துவிடும். மூன்றாவது வினாடியில் அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு மேலே இருக்கும். சுற்றிவரப் பனை, மின்கம்பி, கோயில் கோபுரம், தொலைபேசிக் கோபுரம்.

ஹெலிக்கு வேலை இருப்பது அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில். அங்கே ஒரு வயலே நூற்றுக்கணக்கான ஏக்கர் இருக்கும். சரிவான மலைப் புல்வெளி, மரங்கள் சூழ்ந்த வயல், ஓடுபாதை போட முடியாத இடம், இவற்றில் இறகு விமானத்தைவிட ஹெலிதான் வசதி. பெல் 47 என்ற ஹெலிக்கு 1946 மார்ச்சில் அமெரிக்காவில் பொதுப் பாவனைக்கான சான்றிதழ் கிடைத்தது. அது அந்தக் காலத்திலேயே மருந்தடிக்கப் போய்விட்டது. இன்று ரொபின்சன் ஆர்-44, பெல் 206, எம்.டி. 500, ஸ்குவிரல் போன்றவற்றை இந்த வேலையில் காணலாம்.

சின்ன வயல்களுக்கு ஜப்பானியர் வேறு வழி கண்டார்கள். யமஹா நிறுவனம் 1987இல் ஆர்-50 என்ற ஆளில்லாத சிறு ஹெலியை நெல்வயலுக்கு மருந்தடிக்கக் கொண்டுவந்தது. இன்று வன்னி வயல்களில் பறக்கும் ட்ரோன்கள் அந்த வழியில் வந்தவைதான். ஆகவே வெளிநாட்டில் ஹெலி, ஊரில் ட்ரோன் என இரண்டு பாதைகள் உள்ளன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்று.

முதற்படி: காசைத் தொடுமுன் உடம்பைக் காட்டுங்கள்

வணிக விமானி உரிமத்துக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். கண், காது, இதயத்துடிப்புப் படம், இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். நிறக்குருடு இருப்பது பலருக்கு அந்த மேசையில் இருக்கும்போதுதான் தெரியவருகிறது. கண்ணாடி போடுவது பெரும்பாலும் தடை இல்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும்.

காணியை விற்றபின், நகையை அடகு வைத்தபின், அரைவாசிக் கட்டணத்தைக் கட்டியபின் இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதன் தலைமை அலுவலகம் கட்டுநாயக்காவில். நீங்கள் எந்த நாட்டில் படிக்கப் போகிறீர்களோ அந்த நாட்டின் சான்றிதழையும் முற்கூட்டியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எடை பற்றியும் ஒரு சொல்: பயிற்சிக்குப் பெரும்பாலும் பயன்படும் ரொபின்சன் ஆர்-22இல் ஓர் இருக்கைக்கு 109 கிலோதான் எல்லை. பயிற்சியாளர், நீங்கள், எரிபொருள் மூன்றும் சேர்ந்தே மொத்த எடைக்குள் அடங்க வேண்டும். ஆகவே உடம்பு இலேசாக இருப்பது எப்போதும் உதவும்.

இரண்டாம் படி: ஆங்கிலமும் கணக்கும்

உயர்தரத்தில் கணிதப் பிரிவுதான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. சாதாரண தரக் கணிதம், பௌதிகத்தின் அடிப்படை, அலகு மாற்றத் தெரிந்த கை, இவை இருந்தால் கோட்பாட்டுப் பரீட்சையைத் தாண்டலாம். ஆங்கிலம் அப்படியில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துக்குக் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலம் வேண்டும் என்பது சர்வதேச விதி. எழுதும் ஆங்கிலம் எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிறது, தடக்குவது பேச்சில். இரைச்சலுக்கு நடுவே, பழகாத உச்சரிப்பில், ஒரே தடவை சொல்லப்படுவதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தினமும் அரை மணித்தியாலம் வானொலி உரையாடலைக் கேட்டு, கேட்டதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

மூன்றாம் படி: தோட்டத்தில் நின்று படிப்பது

இதைத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வெளிநாட்டில் முதல் வேலைக்குப் போனபோது, பண்ணைப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்ததை நான் இருபத்தைந்து வயதில் படிக்க வேண்டியிருந்தது. அதே அறிவு எங்கள் கோப்பாய்த் தோட்டத்தில் என் கண்முன்னால்தான் கிடந்திருக்கிறது.

முதலில் காற்று. எங்கள் ஊரில் காற்றுக்குப் பெயர் இருக்கிறது: வாடை, சோளகம், கச்சான், கொண்டல். அது எந்தத் திசையிலிருந்து எந்த மாதம் வரும் என்று வயதான தோட்டக்காரர் எவருக்கும் தெரியும். அவர்களிடம் கேளுங்கள். ஒரு கொப்பியில் தினமும் மூன்று நேரம் எழுதுங்கள்: விடியற்காலை, மத்தியானம், பின்னேரம். திசை, வேகம், மேகம், பனி. சோளகக் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் மருந்தடிக்க முடியாத அளவுக்குக் காற்று ஏறுவதை நீங்களே காண்பீர்கள்.

அப்புறம், காற்று இல்லாத நேரமும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். தை, மாசி மாதங்களில் தெளிந்த வானம், அசையாத காற்று, நிலத்தில் பனி. யாரோ சருகு கொளுத்திய புகை மேலே எழாமல் வேலி உயரத்தில் பாய் விரித்தது போல நீட்டிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். நிலத்தோடு ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன்மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். அந்த நேரத்தில் மருந்தடித்தால் நுண்துளிகள் கீழே விழாமல், கலையாமல், மெல்ல நகர்ந்து எங்கோ ஒரு வீட்டு முற்றத்தில் இறங்கும். நிபுணர்கள் கருவி வைத்துப் பார்ப்பதை எங்கள் சருகுப் புகை இலவசமாகக் காட்டுகிறது. மருந்தடிக்கும் ஹெலிகள் சிலவற்றில் புகை விடும் சிறு கருவி பூட்டியிருப்பதும் இதைப் பார்க்கத்தான்.

மெல்லிய, ஒரே திசையில் நிலையாக வீசும் காற்றே மருந்தடிக்க நல்லது. மணிக்கு 3 முதல் 15 கிலோமீற்றர் வரை என்று கொள்ளலாம். கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று போகும் பக்கம், வீடு, கிணறு, பள்ளிக்கூடம், தேனீப்பெட்டி இருந்தால் அந்தக் கணக்கும் போதாது. அன்றைக்கு அடிக்கக்கூடாது.

அடுத்தது துளியின் அளவு. ஊரில் முதுகில் சுமக்கும் 16 லீற்றர் தெளிகருவியால் மருந்தடிப்பவர்கள் புகைபோலப் பறந்தால்தான் நன்றாகப் படுகிறது என்று நினைப்பார்கள். அது தவறு. சிறு துளி காற்றோடு போகும், வெயிலில் காய்ந்து மறையும். பெரிய துளி இலையில் தங்காமல் உருண்டு விழும். வானிலிருந்து அடிக்கும்போது நடுத்தரத்திலிருந்து சற்றுப் பருமனான துளிவரை, அதாவது 200 முதல் 400 மைக்ரோன் வரையான (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) துளிகள்தான் பெரும்பாலும் தேடப்படுகின்றன. இதைப் பரிசோதிக்க நீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் தாள் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் தெளிகருவியில் வெறும் தண்ணீர் நிரப்பி, காய்ந்த சீமெந்துத் தரையில் அடித்துப் பாருங்கள். எந்த நொசில் (மருந்து துளியாக வெளிவரும் முனை) எந்த அழுத்தத்தில் எந்தப் புள்ளியைப் போடுகிறது என்று அரை மணித்தியாலத்தில் பிடிபட்டுவிடும்.

மூன்றாவது தண்ணீர். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது, கடினத்தன்மை கூடியது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அதற்குச் சாட்சி. சில களைநாசினிகள் அந்தக் கல்சியத்தோடு சேர்ந்து வீரியத்தை இழக்கும், கிளைபோசேட் அதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுகிற விவசாயிக்கு, குறை தண்ணீரிலும் இருக்கலாம் என்று சொல்லக்கூடிய ஆளாக நீங்கள் மாற வேண்டும். அதே சுண்ணாம்புக் கல் இன்னொரு காரியமும் செய்கிறது: மேலே சிந்தியதை வெடிப்புகளின் வழியே விரைவாக நிலத்தடி நீருக்குள் இறக்கிவிடுகிறது. எங்கள் ஊரில் வற்றாத ஆறு இல்லை, குடிப்பதும் கிணறு, இறைப்பதும் கிணறு. ஆகவே தாங்கி கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு பற்றுகிறது.

கலக்கும் ஒழுங்கையும் இங்கேயே பழகுங்கள். முதலில் அரைத் தாங்கி தண்ணீர், பிறகு நனையும் தூள், பிறகு கூழ்போன்ற திரவம், பிறகு எண்ணெய்த் தன்மை உள்ளது, கடைசியில் தண்ணீரில் முழுதாகக் கரைவது. ஒவ்வொன்றும் கரைந்தபின் அடுத்தது. புதிய சேர்க்கை என்றால் தாங்கியில் போடுமுன் ஒரு கண்ணாடிப் போத்தலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். திரைந்தால் அது தாங்கிக்குள்ளும் திரையும். ஆயிரக்கணக்கான ரூபா மருந்தைக் கொட்டும் இழப்பை ஒரு போத்தல் தடுக்கும்.

மருந்துப் பெட்டியின் லேபிளை வாசிப்பது இந்தத் தொழிலின் சட்டப்புத்தகத்தை வாசிப்பதற்குச் சமம். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பதிவு செய்த மருந்தை மட்டுமே, லேபிளில் உள்ளபடி பாவிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கமநல சேவை நிலையத்துக்குப் போய் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். திருநெல்வேலியில் உள்ள விவசாயப் பயிற்சி நிலையத்தில் வகுப்பு நடந்தால் பின்வரிசையில் என்றாலும் போய் இருங்கள். எந்தப் பூச்சி எந்தப் பருவத்தில், இலையின் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று தெரியாத விமானி வெறும் தண்ணீர் வண்டிச் சாரதி. நெல்லில் கபிலநிறத் தத்தி பயிரின் அடித்தண்டில் இருக்கும். மேலிருந்து எவ்வளவு அடித்தாலும் அடிக்கு இறங்காத மருந்தால் பயன் இல்லை.

நான்காம் படி: ட்ரோன்

ஊரிலேயே தொழில் செய்ய விரும்புகிறவர்கள் இதோடு நின்றுகொள்ளலாம். வெளிநாடு போகிறவர்களுக்கும் இது சிறந்த முன்பயிற்சி. ட்ரோன் அதிகாரசபையில் பதிவு செய்யப்பட வேண்டும். பறப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் தேவை. வடக்கில் இதை இலேசாக எடுக்கவே கூடாது. பலாலியில் 2019 ஒக்டோபரில் திறந்த சர்வதேச விமான நிலையம் இருக்கிறது, சுற்றிவரப் படை முகாம்களும் இருக்கின்றன. அனுமதிக் கடிதத்தின் பிரதி எப்போதும் கையில் இருக்கட்டும். வேலை தொடங்குமுன் கிராம சேவையாளருக்கும் அயலவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். சத்தம் கேட்டு வயதானவர்கள் பயப்படும் மண் இது.

பரந்தன், இரணைமடுப் பக்கத்து நெல்வயல்கள் ட்ரோனுக்கு நன்றாகப் பொருந்தும். தென்மராட்சி வயல்களிலும் செய்யலாம். வலிகாமத்து வாழைத் தோட்டத்திலும் புகையிலையிலும் துண்டுகள் சிறியவை, ஒன்றுக்கொன்று ஒட்டியவை. பக்கத்துத் துண்டில் அறுவடைக்கு நின்ற கீரையில் உங்கள் மருந்து பட்டால் அந்தக் குடும்பத்தின் உழைப்பு போய்விடும்.

ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்யுங்கள். வேகத்தை (மணிக்குக் கிலோமீற்றர்), ஒரு ஓட்டத்தில் மருந்து விழும் அகலத்தால் (மீற்றர்) பெருக்கி, ஹெக்டெயருக்குத் தேவையான லீற்றரால் மறுபடி பெருக்கி, 600ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் நொசில்களால் வெளிவர வேண்டும் என்று கிடைக்கும். ட்ரோன் மணிக்கு 18 கிலோமீற்றர், அகலம் 5 மீற்றர், ஹெக்டெயருக்கு 25 லீற்றர் என்றால் 3.75 லீற்றர். ஹெலி மணிக்கு 80, அகலம் 10, ஹெக்டெயருக்கு 30 என்றால் 40 லீற்றர். இயந்திரம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

ஐந்தாம் படி: பறக்கப் படிப்பது

ரத்மலானையில் உள்ள பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் இறகு விமானத்துக்கானவை. ஹெலி வணிக உரிமத்துக்கும் அதன்பின் மருந்தடிக்கும் தகுதிக்கும் வெளிநாடுதான் நடைமுறைக்கு ஏற்றது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: உங்களிடம் படித்தவர்களில் யாராவது இப்போது மருந்தடிக்கும் வேலையில் இருக்கிறார்களா? அவரோடு பேச முடியுமா? அழகான படங்களைவிட அந்த ஒரு தொலைபேசி உரையாடல் பெறுமதியானது. முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் அப்படிக் கட்டி, பள்ளி மூடப்பட்டபின் ஒரு பகுதிகூடத் திரும்பப் பெறமுடியாமல் ஊருக்கு வந்தான்.

ஹெலி மணித்தியாலக் கட்டணம் சிறிய இறகு விமானத்தைவிட மிகக் கூட. தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு, வயது 17. வணிக உரிமத்துக்கு 150 மணித்தியாலம், வயது 18. அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 100 போதும். இவை சர்வதேச அடிப்படை, நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். குறைந்தபட்ச மணித்தியாலத்தில் முடிப்பவர்கள் குறைவு. கையில் வைத்திருக்கும் பணத்தைக் குறைந்தபட்சத்தோடு மட்டும் பொருத்தாதீர்கள்.

இனி இயந்திரம். இடது கையில் கலெக்டிவ், அதை உயர்த்தினால் மேலே சுற்றும் சுழலியின் எல்லாத் தகடுகளின் கோணமும் ஒன்றாகக் கூடி ஹெலி மேலெழும். வலது கையில் சைக்கிளிக், அது சுழலித் தட்டைச் சரித்து முன்பின், இடம்வலம் கொண்டுபோகும். கால்களில் பெடல், அது வால் சுழலியைக் கட்டுப்படுத்தி மூக்குத் திரும்புவதைத் தடுக்கும். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் சரிசெய்ய வேண்டும். இதுதான் முதல் பத்து மணித்தியாலத்தின் வேதனை.

என் அப்பு துலா மிதித்தவர். கிணற்றுக்கு மேலே அந்தத் துலாவில் முன்னும் பின்னும் நடந்து பட்டையை இறக்கி ஏற்றுவார். துலா சரியுமுன்னே அவர் காலடி நகர்ந்திருக்கும், சரிந்தபின் நகர்ந்தால் விழ வேண்டியதுதான். ஓரிடத்தில் மிதந்து நிற்கப் பழகும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஹெலி நகர்ந்தபின் திருத்தினால் எப்போதும் பிந்திவிடும். கை அழுத்திப் பிடிக்கக் கூடாது, இரண்டு விரலில் பேனா பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். கண் மூக்கடியில் அல்ல, தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் அது சட்டென்று வரும்.

ஓட்டோரொட்டேஷன் என்ற பயிற்சியை எத்தனை தடவை கேட்டாலும் செய்யுங்கள். இயந்திரம் நின்றால் கலெக்டிவை உடனே இறக்க வேண்டும். கீழிருந்து மேல் பாயும் காற்றே சுழலியைச் சுழற்றிக்கொண்டிருக்கும், தரைக்கு அருகில் அந்தச் சுழற்சியின் சக்தியைச் செலவழித்து மெதுவாக இறங்கலாம். ஆர்-22இன் சுழலி இலேசானது. கலெக்டிவை இறக்க உங்களுக்கு இரண்டு வினாடிகூடக் கிடையாது. யோசிக்க நேரமில்லாத வேலை இது, கை தானாகச் செய்யும்வரை பழக வேண்டும். அமெரிக்காவில் ஆர்-22இல் தனியாகப் பறக்கவிடுமுன் 20 மணித்தியாலம் பயிற்சியாளரோடு பறந்திருக்க வேண்டும் என்று சிறப்பு விதியே இருக்கிறது.

வெப்பத்தை மறக்காதீர்கள். நியமக் காற்று என்று கணக்குப் போடுவது கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸை. 33 பாகை வெயிலில் அடர்த்தி குறைந்த காற்றில் ஹெலி 2,000 அடிக்கு மேலே நிற்பது போலத்தான் நடந்துகொள்ளும். காலையில் சுமந்த தாங்கியை மத்தியானமும் சுமக்கும் என்று நினைத்தவர்கள் திரும்பும் வளைவில் தரையைத் தொட்டிருக்கிறார்கள்.

ஆறாம் படி: தாங்கி நிரப்பும் வேலை

உரிமம் கிடைத்த அன்றே யாரும் மருந்துத் தாங்கியோடு ஹெலியைத் தரமாட்டார்கள். முதலில் தரையில் நின்று மருந்து கலக்கும், தாங்கி நிரப்பும், எரிபொருள் ஊற்றும் வேலை. ஹெலி பெரும்பாலும் லொறியின் மேலே கட்டிய மேடையில்தான் வந்து இறங்கும். சில நிமிடத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும், பெரும்பாலும் சுழலி சுற்றிக்கொண்டே இருக்கும். வால் பக்கம் ஒருபோதும் போகக் கூடாது. விமானியின் கண் படும் முன்பக்கத்தால்தான் வரவேண்டும்.

நான் இரண்டு பருவம் இதைச் செய்தேன். படித்துவிட்டு வாளி தூக்குகிறாயா என்று ஊரிலிருந்து கேட்டார்கள். ஆனால் ஒரு நாளில் நாற்பது தடவை ஒரு அனுபவசாலி இறங்குவதையும் ஏறுவதையும் பக்கத்தில் நின்று பார்ப்பதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. அவர் எந்த நேரம் வேலையை நிறுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள்.

உடம்பைக் காப்பதும் இங்கேதான் தொடங்குகிறது. ஆர்கனோபொஸ்பேட் வகை மருந்துகளோடு வேலை என்றால் பருவம் தொடங்குமுன் இரத்தத்தில் கோலினெஸ்ரரேஸ் (இந்த மருந்துகள் தாக்கும் நொதியம்) அளவைச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குறைகிறதா என்று அதோடு ஒப்பிடலாம். தலையிடி, உமிழ்நீர் ஊறுதல், வியர்வை, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்குதல் இவை அடையாளங்கள். கண்மணி சுருங்கினால் உலகமே மங்கும், அந்தக் கண்ணோடு கம்பியைக் காண முடியாது. கையுறை, முகக்கவசம், முழு உடை எல்லாம் வெக்கையில் கஷ்டம்தான். எங்கள் ஊரில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு மருந்தடித்தவர்களை நான் பார்த்து வளர்ந்தேன். என் பெரியப்பா ஒருவர் அப்படி அடித்துவிட்டு வந்து முற்றத்தில் சுருண்டு கிடந்த பின்னேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஏழாம் படி: மருந்தடிக்கும் பறப்பு

இதற்குத் தனித் தகுதி வேண்டும். அவுஸ்திரேலியாவில் தாழ்பறப்புத் தகுதியும் வான்வழித் தெளிப்புத் தகுதியும் எடுக்க வேண்டும், மருந்து கையாள்வதற்கு ஸ்பிரேசேஃப் என்ற சான்று இருக்கிறது. நியூசிலாந்தில் விவசாயப் பறப்புத் தகுதியோடு மருந்துத் தகுதியும் தேவை. அமெரிக்காவில் விமானச் சட்டத்தின் 137ஆம் பகுதியும், அந்தந்த மாநிலத்தின் மருந்தடிப்போர் உரிமமும். எங்கே என்றாலும் தொடக்க மணித்தியாலங்கள் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில்தான்.

வயலுக்கு வந்ததும் மருந்தைத் தொடாதீர்கள். முதலில் முடிந்தால் வாகனத்தில் சுற்றிப் பாருங்கள், பிறகு உயரத்தில் ஒரு சுற்று, பிறகு சற்றுத் தாழ ஒரு சுற்று. கம்பியைத் தேடாதீர்கள், கம்பி கண்ணுக்குத் தெரியாது. தூணைத் தேடுங்கள். தூணின் குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது, எங்கே கிளை பிரிகிறது, தனித்து நிற்கும் வீட்டுக்கும் நீர்ப்பம்பிக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மின்சாரம் இருக்கும் வீட்டுக்குக் கம்பி வந்தே ஆக வேண்டும். ஒரு தாளில் வரைந்து தொடையில் கட்டிக்கொள்ளுங்கள்.

அவுஸ்திரேலிய விபத்து ஆய்வுகளில் ஒரு விடயம் என்னை உலுக்கியது: கம்பியில் மோதிய விமானிகளில் பாதிக்கும் மேலானவர்களுக்கு அந்தக் கம்பி இருப்பது முன்னமே தெரியும். அவர்கள் தெரியாததால் மோதவில்லை. எனக்கும் அது ஒரு தடவை நேரப்பார்த்தது. வரைபடத்தில் நானே குறித்த கம்பி. பதினொராவது ஓட்டத்துக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையில் வானொலியில் ஒருவர் எரிபொருள் பற்றிக் கேட்டார், பதில் சொன்னேன். அடுத்து நிமிர்ந்தபோது தூண் பக்கத்தில் நின்றது. அன்றிலிருந்து யாராவது இடையில் பேசினால் ஒரு சுற்று மேலே போய், மறுபடி எல்லாத் தூணையும் எண்ணிவிட்டுத்தான் இறங்குவேன்.

ஓட்டங்களைக் காற்றுக்குக் குறுக்கே வையுங்கள். கீழ்க்காற்று விளிம்பில் தொடங்கி, காற்று வரும் பக்கத்தை நோக்கி நகர்ந்தால் நீங்கள் அடித்த மருந்துக்குள் நீங்களே நுழைய மாட்டீர்கள். கம்பியோடு ஒட்டிய கரையைக் கம்பிக்குச் சமாந்தரமாக முதலில் முடியுங்கள். சூரியனை முகத்தில் வாங்கும் திசையில் ஓடாதீர்கள். பயிருக்கு மேலே ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரம். நொசில் குழாயின் நீளம் சுழலி விட்டத்தின் முக்காலுக்கு மேல் போனால் முனைச் சுழல்காற்று துளிகளைத் தூக்கி எறியும். ஆர்-44இன் சுழலி 10 மீற்றர், ஆகவே குழாய் ஏழரை மீற்றர் போதும்.

வளைவுதான் ஆளைக் கொல்லும் இடம். ஓட்டம் முடிந்ததும் மருந்தை நிறுத்தி, நேராக மேலே ஏறி, வேகம் இருக்கும்போதே மெதுவாகத் திரும்ப வேண்டும். நேரத்தை மிச்சம்பிடிக்க வேகத்தை இழந்து, பாரத்தோடு, காற்று முதுகில் அடிக்கத் திரும்பினால், ஹெலி தானே கீழே தள்ளும் காற்றிலேயே அமிழத் தொடங்கும். அப்போது கலெக்டிவை உயர்த்த உயர்த்த வேகமாக இறங்கும். அந்த உயரத்தில் மீள இடம் இல்லை. ஆகவே முதல் இரண்டு பருவமும் அரைத் தாங்கியோடு பறக்கக் கேளுங்கள். அவசரத்தில் தாங்கியைக் கொட்டும் கைப்பிடி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டத் தெரியவேண்டும்.

வேலை முடிந்ததும் தாங்கியை மூன்று தடவை கழுவி, கழுவிய தண்ணீரை அதே வயலில் அடித்துவிடுங்கள். வெறும் போத்தலையும் அதேபோல் மூன்று தடவை. அப்புறம் பதிவேடு: நேரம், காற்று, வெப்பம், மருந்து, அளவு, எந்தக் கரையை விட்டீர்கள். ஒரு மாதம் கழித்து அயலவர் வந்து என் திராட்சை கருகியது என்றால், அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்; தவறு உங்களுடையது என்றால் அவருக்காகவும் பேசும்.

ஊர் திரும்பும்போது

வெளிநாட்டு உரிமத்தை இங்கே பாவிக்க அதிகாரசபையிடம் ஏற்பு வாங்க வேண்டும். அதற்கு நீங்கள் எடுத்த எல்லாப் பறப்புப் பதிவையும், பயிற்சிச் சான்றுகளையும், மருத்துவச் சான்றையும் மூலப்பிரதியாகப் பத்திரமாக வையுங்கள். நான் திரும்பி வந்தபின் ஹெலி ஓட்டவில்லை. பரந்தன் பக்கம் நெல்வயல்களுக்கு ட்ரோனால் அடிக்கிறேன், பழைய கொப்பியில் இப்போதும் காற்றை எழுதுகிறேன். மேலே சொன்ன படிகளில் மூன்றாவதை மட்டும் என்னோடு நின்று பழக விரும்புகிறவர்கள், தம்பியானாலும் தங்கச்சியானாலும், விடியற்காலை ஐந்தரைக்கு வயல் வரம்பில் நிற்கத் தயாராக வாருங்கள். முதல் கிழமை ட்ரோனைத் தொடவிட மாட்டேன். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை.